ரேப் எண்ணெய்: யந்திரத்திலிருந்து அடுப்பங்கரைக்கு

ரேப் என்பது கடுகின் இனத்தைச் சார்ந்த பயிர். மஞ்சள் பூவும் கடுகையொத்த சிறு விதையும் உடையது. வட இந்தியாவிலும் குளிர்ந்த நாடுகள் பலவற்றிலும் இதனை எண்ணெய்க்காகப் பயிரிடுகின்றனர். கனடாவில் இப்பயிர் அடைந்த மாறுதல், எண்ணெய் வித்து விளைவிக்கும் நம் அங்கத்தினர்கள் அறியத்தக்கது.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது கனடா இதனைப் பயிரிட முற்பட்டது உணவுக்காக அன்று. நீரும் நீராவியும் படும் உலோகத்தின்மீது ரேப் எண்ணெய் கழுவப்படாது ஒட்டி நிற்கும். ஆதலின் கப்பல்களின் நீராவி யந்திரங்களுக்கு அது மசகெண்ணெயாயிற்று. யுத்தத்திற்குப்பின் டீசல் யந்திரங்கள் பெருகவே அத்தேவை குன்றியது. விளைவித்தோர் வேறு சந்தை தேட வேண்டியதாயிற்று.

உணவுச் சந்தையிலோ இரு தடைகள் இருந்தன. எண்ணெயில் எரூசிக் அமிலம் மிகுதி. பிராணிகளிடம் நடத்திய சோதனைகளில் அது இருதயத்திற்குக் கேடு விளைவிக்கக் கண்டனர். பிண்ணாக்கில் இருந்த குளூக்கோசினோலேட் என்னும் காரப்பொருள்களால் கால்நடைகள் அதனை விரும்பி உண்ணவில்லை.

டௌனி, ஸ்டீபான்சன் என்னும் விஞ்ஞானிகள் இக்குறைகளை நீக்க முனைந்தனர். டௌனி ஒரு விதையின் பாதியில் எண்ணெயைச் சோதித்து, முளையுள்ள மறுபாதியை வளர்த்து, நல்ல செடிகளைத் தேர்ந்தார். 1974-ல் ஸ்டீபான்சனின் முயற்சியால் இரு குறைகளும் பெரிதும் குறைந்த 'டவர்' ரகம் வெளிவந்தது. இத்தகைய ரகங்களுக்கே பின்னர் 'கனோலா' என்று பெயரிட்டனர். இதன் எண்ணெயில் எரூசிக் அமிலம் 2 சதவிகிதத்திற்கும் குறைவு.

விதையில் 100-க்கு 40 பங்குக்கு மேல் எண்ணெய் உண்டு. ஆலையில் விதையைச் சுத்தம் செய்து, அவலைப்போல் தட்டையாக்கி, சூடேற்றி, எக்ஸ்பெல்லரில் பிழிவர். எஞ்சிய எண்ணெயை ஹெக்சேன் என்னும் திரவத்தில் கரைத்தெடுப்பர். பின்னர்ப் பசையும் நிறமும் வாடையும் போக்குவர். எண்ணெய் சமையலுக்கும், மார்கரீனுக்கும், டீசலுக்கு ஈடான எரிபொருளுக்கும் உதவுகிறது. புரதம் மிகுந்த பிண்ணாக்கு கால்நடைத் தீவனமாகிறது. எரூசிக் அமிலம் மிக்க பழைய வகையையும் தொழிற்சாலைகளின் தேவைக்காகத் தனியே பயிரிடுகின்றனர்.

இங்கேதான் நமக்குரிய பாடம் உள்ளது. இவ்விரு வகை விதைகளையும் கண்ணால் பிரித்தறிய இயலாது. ஒருவர் கொணரும் ஒரு வண்டி விதை மாறிப்போனால், பொதுக் களஞ்சியத்தில் உள்ள அனைத்தின் தரமும் கெடும். நஷ்டமோ எல்லோரையும் சாரும். எள்ளாயினும் நிலக்கடலையாயினும், சான்று பெற்ற விதையை வாங்குதலும், ரகம் கலவாமல் தனித்தனியே அறுத்துச் சேமித்தலும் ஒவ்வோர் அங்கத்தினரின் கடமையாகும். விலை பேசுமிடத்தில் சங்கத்திற்கு வலிமை தருவது அத்தூய்மையே.