ஊரைச் சுற்றி ஒரு நடை: கொக்கரே பெள்ளூர் கற்பிக்கும் பாடம்

கிராமங்களில் பணிபுரியும் ஆசிரியர்களும் கள ஊழியர்களும் நாள்தோறும் நடப்பவர்களே. பள்ளிக்கும், பஞ்சாயத்து அலுவலகத்திற்கும், விவசாயிகளின் வயல்களுக்கும் அவர்கள் நடந்து செல்கின்றனர். ஆயினும் ஒரு காரியத்தை முடிக்கும்பொருட்டு நடப்பது வேறு. காண்பதற்கென்றே நடப்பது வேறு. முன்னதில் வழி ஒரு தடை; பின்னதில் வழியே பாடம். ஒரு மணி நேரத்தில் முடியக்கூடிய எளிய நடை ஒன்று, குறிப்புப் புத்தகத்துடனும் ஒழுங்குடனும் மேற்கொள்ளப்படுமாயின், செலவில்லாத ஒரு விஞ்ஞானக் கூடமாக அமையும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதற்கு முன்மாதிரி நம் நாட்டிலேயே உண்டு. பறவையியல் அறிஞர் சலீம் அலி, 1930ஆம் ஆண்டில் பம்பாய்க்குத் தெற்கே கடற்கரையை அடுத்த கிஹிம் என்னும் சிற்றூரில் தங்கியிருந்தபோது, அருகிலிருந்த தூக்கணாங்குருவிக் கூடுகளை நாள்தோறும் கவனித்துக் குறித்து வந்தார். ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டி நிறுத்துகிறது. பெண் குருவி வந்து சோதித்து ஏற்றுக்கொண்ட பின்னரே எஞ்சிய பகுதியை முடிக்கிறது. பின்பு அதே ஆண் குருவி வேறொரு பெண்ணுக்காக அடுத்த கூட்டைத் தொடங்குகிறது. இவ்வுண்மைகளை அறிய அவருக்கு அரிய கருவிகள் தேவைப்படவில்லை. ஒரே இடத்தை விடாது பார்க்கும் பொறுமையே தேவைப்பட்டது.

இத்தகைய நடைக்கு ஏற்ற ஊர் ஒன்றை இனிக் காண்போம்.

ஊரின் அமைப்பு

கர்நாடக மாநிலத்தின் மண்டியா மாவட்டத்தில், மத்தூர் வட்டத்தில் உள்ளது கொக்கரே பெள்ளூர். பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் நெடுஞ்சாலையில் சன்னபட்டணத்தைக் கடந்து, ருத்ராக்ஷிபுரம் என்னுமிடத்தில் கிளைச் சாலையில் திரும்பினால் சுமார் 12 கிலோமீட்டர் தொலைவில் இவ்வூரை அடையலாம். பெங்களூரிலிருந்து மொத்தத் தொலைவு ஏறத்தாழ 80 கிலோமீட்டர். அருகே காவிரியின் துணையாறாகிய ஷிம்ஷா ஓடுகிறது. கன்னடத்தில் ‘கொக்கரே’ என்பது நாரையைக் குறிக்கும் சொல். ஊரின் பெயரிலேயே பறவை குடிகொண்டிருக்கிறது.

ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழைக்குப் பின், ஏறத்தாழ டிசம்பர் முதல் ஜூன் வரை, இரு பெரும் நீர்ப்பறவை இனங்கள் இவ்வூர்த் தெருக்களிலும் கொல்லைகளிலும் உள்ள மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. ஒன்று மஞ்சள் மூக்கு நாரை; மற்றொன்று கூழைக்கடா. இவை வெளிநாடுகளிலிருந்து வருபவை என்று பலர் எண்ணுவதுண்டு. அது தவறு. இரண்டும் நம் நாட்டிலேயே வாழ்ந்து, நம் நாட்டிலேயே இனம் பெருக்கும் பறவைகள். கூடு கட்டும் பருவம் முடிந்ததும் அவை இரையும் நீரும் உள்ள ஏரிகளையும் ஆறுகளையும் நாடிப் பிரிந்து செல்கின்றன.

முதல் நடை: தெருவும் புளியமரமும்

காலை வெயில் ஏறுமுன் ஊர்த் தெருக்களின் வழியே மெல்ல நடத்தல் வேண்டும். முதியோரும் சிறுவரும் களைப்பின்றி நடக்கக்கூடிய சமதளம் இது. முதலில் மரங்களைப் பார்க்கவேண்டும், பின்னரே பறவைகளை. பெரும்பாலானவை புளியமரங்கள், அரசும் ஆலும் இடையிடையே உண்டு. கூடுகள் மரத்தின் உச்சிக் கிளைகளில் சுள்ளிகளால் அமைக்கப்பட்டுள்ளன. அவற்றின் கீழே நிலம் சுண்ணாம்பு தெளித்தாற்போல் எச்சத்தால் வெளுத்திருக்கும்.

இரு பறவைகளையும் வேறுபடுத்தி அறிதல் மாணவர்க்கு நல்ல பயிற்சி. மஞ்சள் மூக்கு நாரைக்கு நீண்ட கால்களும், நுனியில் சற்றே கீழ்நோக்கி வளைந்த மஞ்சள் அலகும், வாலருகே இளஞ்சிவப்பு இறகுகளும் உண்டு. எடை 2 முதல் 3½ கிலோகிராம் வரை. கூழைக்கடாவின் கால்கள் குட்டை; அலகின் கீழே தோல் பை தொங்கும்; மேல் அலகில் புள்ளிகள் காணப்படும். எடை 4 முதல் 6 கிலோகிராம் வரை. இவ்வளவு கனமான பறவை புளியமரத்தின் உச்சியில் வந்து இறங்குவதைக் காணும் சிறுவர்கள் அதனை எளிதில் மறவார்.

உச்சி வெயிலில் நாரைகள் சிறகுகளை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் தருகின்றன. கூழைக்கடாவின் குஞ்சு, தாயின் அலகுப் பைக்குள் தலையை நுழைத்து இரையைப் பெறுகிறது. எந்த மணி நேரத்தில் எந்தக் கூட்டிற்கு எத்தனை முறை இரை வந்தது என்று குறிப்பது, ஐந்தாம் வகுப்பு மாணவரும் செய்யக்கூடிய ஆராய்ச்சியாகும்.

இரண்டாம் நடை: ஆற்றை நோக்கி

ஊரிலிருந்து ஷிம்ஷா ஆற்றை நோக்கி நடந்தால், கூட்டிற்கும் நீர்நிலைக்கும் உள்ள தொடர்பு விளங்கும். மஞ்சள் மூக்கு நாரை ஆழமற்ற நீரில் நின்று, அலகைச் சற்றே திறந்து நீருள் வைத்து, தலையை இருபுறமும் அசைக்கிறது. மீன் அலகில் பட்டவுடன் அலகு மூடிக்கொள்கிறது. ஆகவே கலங்கிய நீரிலும் அது இரை தேட வல்லது. கூழைக்கடா நீந்தியவாறே தன் பையால் மீனை நீரோடு முகந்து, நீரை வடித்துவிட்டு விழுங்குகிறது. சுற்று வட்டாரத்து ஏரிகளும் இவற்றிற்கு மேய்ச்சல் நிலங்களே. மழை குறைந்து ஏரிகள் வறளும் ஆண்டில் கூடுகளின் எண்ணிக்கையும் குறைதல் இயல்பு. மரத்தை மட்டும் காத்து நீரைக் காவாமல் விட்டால் பயனில்லை என்னும் பாடத்தை மாணவர் இங்கே நேரிற் காண்பர்.

ஊரின் வரலாறும் ஆற்றோடு பிணைந்தது. முற்காலத்தில் ஊர் ஆற்றங்கரையை ஒட்டி இருந்ததென்றும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் நோய் பரவியபோது மக்கள் இப்போதைய இடத்திற்குக் குடிபெயர, பறவைகளும் அவர்களைப் பின்தொடர்ந்தனவென்றும் முதியோர் கூறுவர். பிரசவத்திற்குத் தாய் வீடு வரும் மகளாகவே இப்பறவைகளை ஊரார் கருதுகின்றனர்.

மூன்றாம் நடை: வயல் வரப்பு

மூன்றாவது நடை வயல்களின் ஊடே. கேழ்வரகும், நெல்லும், கரும்பும், முசுக்கொட்டையும் இப்பகுதியின் பயிர்கள். விவசாய ஊழியர்கள் இங்கே கேட்டறிய வேண்டியது உரத்தைப் பற்றியது. கூடுகள் உள்ள மரங்களின் கீழே குழி வெட்டி, அதில் ஏரி வண்டலை இடுவது இவ்வூர் விவசாயிகளின் வழக்கம். பருவம் முழுவதும் விழும் எச்சம் வண்டலோடு கலந்து நல்ல உரமாகிறது. மீனுண்ணும் பறவைகளின் எச்சத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகுதி. ஏரியில் இருந்த சத்து மீனாகி, பறவையாகி, மரத்தடி வழியே வயலைச் சேர்கிறது. உணவுச் சங்கிலி என்று பாடநூல் கூறுவதை இங்கே மண்வெட்டியால் அள்ளிக் காட்டலாம்.

மரம் யாருடையது?

இம்மூன்று நடைகளையும் முடித்தவர் மனத்தில் ஒரு கேள்வி எழும். பறவைகள் பொதுச் சொத்து, மரங்களோ தனியாருடையவை. எச்சம் படிந்த மரத்தில் புளியின் விளைச்சல் கெடுகிறது. குடும்பத்தில் திருமணமோ கடனோ நேர்ந்தால் பெரிய புளியமரம் நல்ல விலைக்குப் போகும். நூறாண்டு வளர்ந்த மரத்தை ஒரே நாளில் வீழ்த்திவிடலாம். பறவைகளிடம் அன்பு கொண்ட ஊரிலும் இந்நெருக்கடி மெய்யானது. அன்பு மட்டும் மரத்தைக் காத்துவிடாது.

வனத்துறை அதிகாரி எஸ். ஜி. நெகின்ஹால் 1976ஆம் ஆண்டில் இப்பறவைக் குடியிருப்பைக் கண்டு வெளியுலகின் கவனத்திற்குக் கொணர்ந்தார். ஊரார் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்த செய்தி, எழுத்தில் ஏறிய பின்னரே அரசாங்கத்தின் செயலுக்கு வழிவகுத்தது. மர உரிமையாளர்க்குப் புளி விளைச்சலின் இழப்பை ஈடுசெய்ய வனத்துறை உதவித்தொகை வழங்கும் ஏற்பாடு பிற்பாடு உண்டாயிற்று. 1990களில் உள்ளூர் இளைஞர்கள் ‘ஹெஜ்ஜார்லே பளகா’ என்னும் குழுவில் இணைந்து, கூட்டிலிருந்து விழும் குஞ்சுகளை எடுத்து வளர்த்து விடும் பணியை மேற்கொண்டனர். ‘ஹெஜ்ஜார்லே’ என்பது கூழைக்கடாவின் கன்னடப் பெயர். 2007ஆம் ஆண்டில் இவ்விடம் சமூகக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஊரை அப்புறப்படுத்தாமல், ஊராரைக் கொண்டே உயிரினங்களைக் காக்கும் முறை இது.

இருப்பினும் விழிப்பு தளரலாகாது. 2017ஆம் ஆண்டின் இறுதியிலும் 2018ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் இங்குக் கூழைக்கடாக்கள் பல அடுத்தடுத்து மடிந்தன. இறந்த பறவைகளைச் சோதித்தபோது உடலில் உருளைப்புழுத் தாக்குதல் காணப்பட்டது. இத்தகைய வேளையில் முதற் பறவை எந்நாளில், எம்மரத்தடியில் விழுந்தது என்னும் குறிப்பு மருத்துவர்க்குப் பெரிதும் உதவும். அக்குறிப்பை எழுதக்கூடியவர் தலைநகரில் அமர்ந்திருக்கும் நிபுணர் அல்லர். அன்றாடம் அவ்வழியே நடப்பவரே.

நடையை நடத்தும் முறை

தம் ஊரில் இத்தகைய நடையைத் தொடங்க விரும்புவோர் பின்வருவனவற்றைக் கடைப்பிடித்தல் நலம்.

1. ஒன்று அல்லது இரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு வழியைத் தேர்ந்து, மாதத்திற்கு இருமுறையேனும் ஒரே நேரத்தில் நடக்கவேண்டும். வழியை மாற்றினால் ஒப்பிட இயலாது.

2. வழியிலுள்ள பெரிய மரங்களுக்கு எண் கொடுத்து, மாணவரைக் கொண்டு எளிய வரைபடம் ஒன்று தயாரிக்கவேண்டும். மரத்தின் இனம், அடிமரத்தின் சுற்றளவு, கூடுகளின் எண்ணிக்கை ஆகியவற்றைத் தனித்தனிப் பத்திகளில் குறிக்கவேண்டும்.

3. ஏரி, குளம், கிணறு இவற்றின் நீர்மட்டத்தை நிலையான ஒரு கல்லையோ படியையோ அடையாளமாகக் கொண்டு அளக்கலாம்.

4. கண்டதை மட்டும் எழுதவேண்டும். எண்ணியதை எண்ணிக்கையாகவும், கேட்டதைக் ‘கேட்டது’ என்றும் பதிதல் வேண்டும்.

5. கூடுள்ள மரத்தடியில் இரைச்சலிடுதலும், கல்லெறிதலும், மரத்தில் ஏறுதலும் கூடா. அஞ்சிய பறவை கூட்டை விட்டு எழுமாயின் முட்டையும் குஞ்சும் வெயிலுக்கும் காக்கைக்கும் இரையாகும்.

6. இறந்த பறவையைக் கையால் தொடாது, கால்நடை மருத்துவருக்கும் வனத்துறைக்கும் உடனே தெரிவிக்கவேண்டும்.

7. உரியவர் அனுமதியின்றிக் கொல்லையிலோ வயலிலோ நுழைதல் ஆகாது. மரத்தின் சொந்தக்காரரையும் நடையில் சேர்த்துக்கொள்வது சாலச் சிறந்தது.

எல்லா ஊரிலும் கூழைக்கடாவும் நாரையும் இரா. ஆயினும் தெருவில் ஒரு பழைய மரமும், நீர் நிற்கும் ஓரிடமும், உழவர் உரமிடும் ஒரு வயலும் இல்லாத ஊர் அரிது. அம்மூன்றையும் இணைக்கும் ஒரு வழியே போதுமானது. பத்தாண்டுகளுக்குப் பின் ஒரு மரம் வெட்டப்பட இருக்கும் நாளில், அதில் எத்தனை கூடுகள் இருந்தன, அதன் நிழலில் என்ன விளைந்தது என்று பஞ்சாயத்துக் கூட்டத்தில் ஒருவர் கேட்கக்கூடும். அவ்வேளையில் பள்ளி அலமாரியிலிருந்து எடுத்துக் காட்ட ஒரு குறிப்புப் புத்தகம் இருத்தல் வேண்டும். அதன் முதற் பக்கத்தை வரும் வாரமே எழுதத் தொடங்கலாம்.