சிறுவர்க்குக் கணிதம் கைக்கு எட்டும் வகை

கூட்டுறவுச் சங்கத்தில் கடன் பெற்ற ஓர் அங்கத்தினர் தமது கணக்குப் புத்தகத்தை விரித்து, அசல் இவ்வளவு, வட்டி இவ்வளவு என்று தாமே சரிபார்க்க இயலாதவராயின், அப்புத்தகத்தால் அவருக்கு விளையும் பயன் அற்பமே. இக்குறை முதிய வயதில் தோன்றுவதன்று. பெரும்பாலும் ஆரம்பப் பாடசாலையின் இரண்டாம், மூன்றாம் வகுப்புகளிலேயே வேரூன்றுகிறது. வாய்பாட்டைப் பிழையின்றி ஒப்புவிக்கும் சிறுவன் முன் எட்டுப் புளியங்கொட்டை வீதம் ஏழு குவியல் வைத்து, மொத்தம் எத்தனை என்று வினவினால், அவன் ஒன்று முதல் எண்ணத் தொடங்குவதைக் காணலாம். ‘ஏழெட்டு ஐம்பத்தாறு’ என்னும் ஒலி அவன் நாவில் உண்டு; அவ்வொலி இக்குவியல்களைக் குறிப்பது என்பதை மட்டும் அவன் அறியான்.

முற்காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடியை மனப்பாடம் செய்வித்தனர். அம்முறையை முற்றும் இகழ்தல் தகாது. அக்காலத்துச் சிறுவன் பள்ளி விட்டதும் களத்தில் படியும் மரக்காலும் கொண்டு நெல் அளக்கப்படுவதைக் கண்டான். சொல் பள்ளியில் கிடைத்தது; பொருள் வெளியில் கிடைத்தது. இன்றோ நெல் மூட்டையாய்த் தராசில் ஏறுகிறது. கடையில் கூட்டலைக் கருவி செய்துவிடுகிறது. ஆகையால் களம் அளித்த அனுபவத்தை வகுப்பறையே அளிக்க வேண்டியதாயிற்று.

இதற்கு விலையுயர்ந்த சாதனங்கள் வேண்டுவதில்லை. தென்னை ஈர்க்கை விரல் நீளத்திற்கு நறுக்கி, பத்துப் பத்தாக நூலால் கட்டி, சிலவற்றை உதிரியாக விட்டுவைத்தால் போதும். 52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால், சிறுவர் பலர் 7-லிருந்து 2-ஐக் கழித்து 35 என்று எழுதிவிடுகின்றனர். ஐந்து கட்டும் இரண்டு உதிரியும் கையில் தந்து, 27 குச்சி தரும்படி கேட்டால் இப்பிழை நேர்வது அரிது. ஏழு குச்சி எடுப்பதற்காக அவன் தானாகவே ஒரு கட்டை அவிழ்க்கிறான். நான்கு கட்டும் பன்னிரண்டு உதிரியும் ஆகின்றன. கொடுத்தது போக இரண்டு கட்டும் ஐந்து உதிரியும் எஞ்சுகின்றன. ‘கடன் வாங்குதல்’ என்று உபாத்தியாயர் சொல்வது இக்கட்டை அவிழ்ப்பதே. திருப்பிச் செலுத்தாத இதனைக் கடன் என்பது எங்ஙனம் பொருந்தும் என்று சங்க அங்கத்தினர் கேட்பின், அவர்கள் கேள்வி நியாயமானதே!

1939-ஆம் ஆண்டு சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த இத்தாலிய அம்மையார் மரியா மாண்டிசோரியின் மணிச் சாதனமும் இவ்வகையதே. தனி மணி ஒன்று, கம்பியில் கோத்த பத்து, சதுரமாய்ச் சேர்ந்த நூறு, கனசதுரமாய் அடுக்கிய ஆயிரம் என்று எண்ணின் பருமனைக் குழந்தை கையில் ஏந்தி உணர்கிறது. ஈர்க்குக் கட்டும் இதே பணியைச் செய்யும்.

பின்னத்திற்குக் காகிதமே தக்கது. மூன்றினும் நான்கு பெரிதாகையால் மூன்றில் ஒரு பங்கினும் நான்கில் ஒரு பங்கு பெரிது என்று எண்ணாத சிறுவர் சிலரே. ஒரே அளவான இரு தாள்களை மூன்றாகவும் நான்காகவும் மடித்து ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கச் செய்தால், அம்மயக்கம் நீங்கும். ஒரு தாளை மேலும் மேலும் இரண்டாக மடித்துச் சென்றால் அரை, கால், அரைக்கால், மாகாணி என்னும் நம் பழம் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாய்த் தோன்றும். இருபதில் ஒரு பங்கான மாவும் எண்பதில் ஒரு பங்கான காணியும் கூடியதே பதினாறில் ஒரு பங்காகிய மாகாணி என்பதை மூத்த மாணவர் தாமே கணக்கிட்டுத் தெளியலாம். தண்டலம் சுந்தர ராவ் என்பார் காகித மடிப்பைக் கொண்டே க்ஷேத்திர கணிதத்தை விளக்கும் ஆங்கில நூலொன்றைச் சென்னையில் 1893-இல் வெளியிட்டார். குழந்தைப் பள்ளிகளின் காகித விளையாட்டே அவருக்கு அவ்வெண்ணத்தைத் தந்தது.

வட்டிக் கணக்கையும் இவ்வாறே தொடங்கலாம். வரிசைக்குப் பத்தாகப் பத்து வரிசை புளியங்கொட்டை பரப்பி, அவற்றின் பக்கத்தில் வேறு ஏழு கொட்டை வைத்தால் அதுவே நூற்றுக்கு ஏழு வட்டி. முந்நூறு ரூபாய்க்கு இத்தகைய சதுரங்கள் மூன்று, வட்டி இருபத்தொன்று. நூறு ரூபாய்க்கு ஆறு மாத வட்டி யாதெனில், ஒரு கொட்டையைப் பாதியாக உடைக்க நேரும். பின்னம் அங்கே தானாகவே வந்து சேர்கிறது. பல்லாங்குழியும் உதவும்: குழிக்கு ஐந்தாகப் பதினான்கு குழியில் இட்டால் எழுபது என்பதை ஆடும் குழந்தை மறவாது.

எச்சரிக்கை ஒன்று உண்டு. அழகு கருதிக் குன்றிமணியைச் சிறுவர் கையில் கொடுக்கலாகாது. அது கொடிய விஷமுள்ளது. மிகச் சிறு குழந்தைகளிடம் எந்த விதையையும் தனியே விடலாகாது. மேலும், குச்சியையே என்றும் நம்பியிருத்தலும் தவறு. பொருளைக் கையாண்டபின் அதனைப் படமாக வரைந்தும், பின்னர் இலக்கத்தால் எழுதியும் பழகிய சிறுவனிடமிருந்து குச்சியை விலக்கிவிடவேண்டும்.

தமிழ்நாட்டரசு 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் முதல் மூன்று வகுப்புகளில் செயல்வழிக் கற்பித்தலையே வற்புறுத்தியது. 2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்குக்குக் குறையாத இடம் பெற்றோர்க்கும் பாதுகாவலர்க்கும் உரியது. அங்கத்தினர் அக்குழுவில் இடம்பெற்றிருப்பின், வகுப்பில் இத்தகைய சாதனங்கள் உள்ளனவா, அவை அலமாரியில் பூட்டப்பட்டுள்ளனவா, சிறுவர் கையில் உள்ளனவா என்று கேட்கலாம். ஈர்க்குக் கட்டுகளையும் கொட்டைகளையும் மூடியுள்ள தகர டப்பாவில் வைத்தல் நன்று. புளியங்கொட்டையை வண்டு துளைக்குமாதலால், ஆண்டுதோறும் புளி தட்டும் காலத்தில் புதியன சேர்த்துக்கொள்ளவேண்டும்.