யாருக்கு, எதற்கு, என்ன பயிற்சி?

ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் நிறுவனங்களில் பயிற்சித் திட்டம் பெரும்பாலும் நிதியாண்டுத் தொடக்கத்தில், போன வருடப் பட்டியலைப் பார்த்து எழுதப்படுகிறது. தீத்தடுப்புக்கு ஒரு நாள், தரத்துக்கு ஒரு நாள், முதலுதவிக்கு அரை நாள். வகுப்பு நடக்கும், கையெழுத்து வாங்குவார்கள், போட்டோ எடுப்பார்கள். யாருக்கு எது தெரியவில்லை என்று மட்டும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அப்படிக் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் பயிற்சித் தேவை மதிப்பீடு. 1961இல் மெக்கீ, தேயர் என்ற இரு அமெரிக்கர்கள் தொழிற்பயிற்சி பற்றி எழுதிய நூலில் இதை மூன்றாகப் பிரித்தார்கள்: நிறுவனம் எங்கே போகிறது, வேலை என்ன கேட்கிறது, அதைச் செய்பவரிடம் என்ன குறைகிறது.

தோல், காலணித் தொழில் நடக்கும் திருப்பத்தூர் மாவட்டத்தில் முதல் கேள்விக்கே இப்போது அவசரம் வந்துவிட்டது. 2022இல் தமிழக அரசு காலணி, தோல் பொருள்களுக்கென்று தனிக் கொள்கை வெளியிட்டது. தோல் இல்லாத விளையாட்டுக் காலணி செய்யும் பெரிய ஆலைகள் பக்கத்து மாவட்டங்களுக்கு வருகின்றன. ஆம்பூரில் கட்டிங் செய்பவர் ஒவ்வொரு தோலிலும் தழும்பு எங்கே, இழுவை எந்தப் பக்கம் என்று பார்த்து அச்சு வைக்கப் பழகியவர். செயற்கைப் பொருளோ சீராக வரும். பல அடுக்காக அடுக்கி ஒரே வெட்டில் வெட்டலாம். அந்த ஆர்டரை எடுக்கும் கம்பெனிக்குத் தேவைப்படும் பயிற்சி பழைய பட்டியலில் இருக்க வாய்ப்பில்லை.

அடுத்து, வேலை. ஒரு சூ கம்பெனியில் காலணியின் மேல்பகுதியான அப்பரைத் தைக்கும் வரிசையிலிருந்து ரீவொர்க்குக்குத் திரும்பும் ஜோடிகள் கூடிவிட்டன என்று வைத்துக்கொள்வோம். தையல்காரப் பெண்களுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுங்கள் என்று உடனே உத்தரவு வரும். அதற்கு முன் மூன்று மாத ரிஜெக்‌ஷன் பதிவேட்டை எடுத்து, எந்தக் குறை, எந்த மெஷின், எந்த ஷிப்ட் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். தையல் தாண்டுவதற்கு ஊசி மழுங்கியிருப்பது காரணமாக இருக்கலாம். ஓரத்தை மெலிதாகச் சீவும் ஸ்கைவிங் பிரிவிலிருந்தே துண்டுகள் ஏற்றஇறக்கமாக வந்திருக்கலாம். டார்கெட்டை ஏற்றியதிலிருந்து குறை கூடியிருக்கலாம். மூன்றாவது கேள்வி, செய்பவர். நல்ல ஊசி, சீரான துண்டு, போதிய நேரம் மூன்றையும் கொடுத்து ஒரு தையல்காரரைத் தைக்கச் சொல்லுங்கள். சரியாகத் தைத்துவிட்டால் அவருக்குக் கற்றுக்கொடுக்க ஒன்றுமில்லை. சரிசெய்ய வேண்டியது வேறெங்கோ இருக்கிறது. அப்போதும் தவறினால் அவருக்குப் பயிற்சி தேவை. இந்தச் சோதனையைச் செய்யாமல் வகுப்பு நடத்தினால் தொழிலாளி மீது இல்லாத குறையைச் சுமத்துகிறோம்.

தோல் பதனிடும் கம்பெனிகளில் இதே கேள்விகள் உயிரைக் காப்பவை. தோலிலிருந்து முடி நீக்க சோடியம் சல்பைடு சேர்க்கிறார்கள். அந்தக் கழிவுநீரும் பின்னால் வரும் கட்டங்களின் அமிலக் கழிவுநீரும் ஒரே தொட்டியில் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் இந்த வாயுவின் அளவு கூடினால் மூக்கு அதை உணரும் திறனை இழந்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இறங்குகிறவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுவார். இதை யாருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்? தொட்டிக்குள் இறங்குகிறவருக்கு. அவர் ஒப்பந்தக்காரர் அன்றைக்குக் கூட்டி வந்த ஆளாக இருக்கலாம். வருகைப் பதிவேட்டைப் பார்த்துத் தயாரிக்கும் பட்டியலில் அவர் பெயர் வராது. அதனால்தான் மதிப்பீடு ஆபத்தான வேலைகளிலிருந்து தொடங்க வேண்டும் என்கிறேன்: இந்த வேலையை நடைமுறையில் யார் செய்கிறார், எந்த நேரத்தில், எந்த மொழி பேசுகிறவர்? வாணியம்பாடி, ஆம்பூர் பகுதியில் தமிழோடு உருதும் தெலுங்கும் புழங்குகின்றன. வட மாநிலத்தவரும் வந்து சேர்ந்திருக்கிறார்கள். தமிழில் மட்டும் எழுதி ஒட்டிய எச்சரிக்கை அவர்களில் பலருக்கு வெறும் சுவர்தான்.

பயிற்சியால் ஆகாதவற்றையும் மதிப்பீடு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்தவர்களைக் கசடு மூழ்கடித்தது; 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். எந்த வகுப்பும் அவர்களைக் காப்பாற்றியிருக்காது. தேவைப்பட்டது உறுதியான சுவரும், தொட்டியிலிருந்து தள்ளிப் படுக்க ஓர் இடமும். தொட்டிக்குள் யாரும் இறங்காமலே சுத்தம் செய்ய இயந்திரம் வாங்குவதும் அப்படியே. அது பயிற்சிக் கணக்கில் சேராது, ஆனால் மதிப்பீட்டு அறிக்கையின் முதல் வரியில் வர வேண்டும்.

பெரிய நிறுவனத்தில் இந்த மதிப்பீட்டை எப்படிப் பொருத்துவது? தனிக் குழு, நீண்ட படிவம் எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு பயிற்சிக் கோரிக்கையோடும் அது எந்தப் பதிவேட்டின் எந்தக் குறையைத் தீர்க்கப்போகிறது என்று ஒரு பத்தி இணைக்கச் சொன்னால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிக்கு மனிதவளப் பிரிவினர் வரிசையில் போய் நின்று பார்க்க வேண்டும். சூப்பர்வைசர் பக்கத்தில் இல்லாதபோது தொழிலாளிகளிடம் பேச வேண்டும், ஏனென்றால் டார்கெட் பற்றிய உண்மை அப்போதுதான் வரும். வகுப்பு நேரத்தையும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். சூ கம்பெனிகளில் தைக்கும் பெண்களில் பலர் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்கள். ஷிப்ட் முடிந்தபின் வைக்கும் வகுப்பில் அவர்களுடைய மனம் பஸ்ஸில்தான் இருக்கும். வேலை நேரத்துக்குள், சம்பளத்தோடு வைக்க வேண்டும்.

பயிற்சி முடிந்து மூன்று மாதம் கழித்து அதே பதிவேட்டை மறுபடி திறக்க வேண்டும். ரீவொர்க் குறையவில்லை என்றால் வகுப்பைத் திரும்ப நடத்துவதற்கு முன் ஊசியையும் ஸ்கைவிங்கையும் டார்கெட்டையும் இன்னொரு தடவை பாருங்கள்.