கீசர் டிரிப் ஆகிறதா? அது தொல்லை அல்ல, எச்சரிக்கை!

கார்த்திகை பிறந்துவிட்டால் கம்பம் பள்ளத்தாக்கில் விடிகாலைக் குளிர் வாட்டத் தொடங்கிவிடும். மேற்கே கேரள எல்லை மலைகள், கிழக்கே மேகமலை. நடுவில் இருக்கும் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வீடுகளில் விறகடுப்பு வெந்நீர் குறைந்து, குளியலறைக்கு கீசர் வந்துவிட்டது. கூடவே எலக்ட்ரீஷியனுக்கு ஒரு போன் அழைப்பும் வந்துவிட்டது: "அண்ணே, கீசர் ஸ்விட்ச் போட்டா வீடே ஆஃப் ஆயிடுது. அந்த டிரிப்பரைக் கழட்டிட்டு நேரா கொடுத்துடுங்க!"

இந்த ஒரு வேண்டுகோள்தான் ஆபத்து. டிரிப் ஆவது, கரன்ட் போகக் கூடாத வழியில் போகிறது என்று வீடு நமக்குச் சொல்லும் செய்தி. சொல்பவரின் வாயை அடைத்தால் பழுது போய்விடாது, ஆள்தான் போவார்.

இரண்டு காவலர்கள், இரண்டு வேலைகள்

மின்பலகையில் இருக்கும் எம்.சி.பி., வயரைக் காப்பாற்றுவது. 2 கிலோவாட் கீசர் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். 3 கிலோவாட் என்றால் 13 ஆம்பியர். அளவுக்கு மேல் போனாலோ, ஷார்ட் ஆனாலோ எம்.சி.பி. விழும்.

ஆர்.சி.டி. மனிதரைக் காப்பாற்றுவது. பேஸில் போன கரன்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்புகிறதா என்று அது கணக்குப் பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் அளவுக்குக் கசிந்தாலே இணைப்பைத் துண்டித்துவிடும். இதயத்தைப் பாதிக்க சில பத்து மில்லி ஆம்பியர் போதும். அதை 16 ஆம்பியர் எம்.சி.பி. கண்டுகொள்ளவே கொள்ளாது. அதனால்தான் வீட்டு இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி. பொருத்த வேண்டும் என்று மின் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. அதில் உள்ள 'டி' பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். உடனே விழுந்தால் காவலர் விழித்திருக்கிறார். விழாவிட்டால் மாற்ற வேண்டும்.

எங்கே பழுது? நீங்களே பார்க்கக்கூடியவை

கீசரின் மூடியைத் திறக்காமலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

1. ஆர்.சி.டி. விழுகிறது: மெயினை அணைத்து, உலர்ந்த கையோடு கீசர் பிளக்கைக் கழற்றுங்கள். பிறகு மெயினைப் போடுங்கள். ஆர்.சி.டி. நின்றால் பழுது கீசரில். மறுபடி விழுந்தால் வீட்டு வயரிங்கிலோ வேறு கருவியிலோ. ஸ்விட்சை மட்டும் அணைத்துப் பார்ப்பது போதாது. அது பெரும்பாலும் பேஸை மட்டுமே துண்டிக்கும். நியூட்ரல் வழிக் கசிவு அப்படியே இருக்கும். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் புழங்கும் வீடுகளில் ஹீட்டர் காயில் மேல் சுண்ணாம்பு படிந்து, உறை வெடித்து, கசிவு ஏற்படுவது வழக்கம்.

2. விளக்கு எரிகிறது, தண்ணீர் சூடாகவில்லை: காயில் அறுந்திருக்கலாம், அல்லது தெர்மோஸ்டாட் பழுதாகியிருக்கலாம். டெஸ்டர் எரிவதால் எல்லாம் சரி என்று ஆகிவிடாது. நியூட்ரல் விட்டுப்போனாலும் டெஸ்டர் எரியும்.

3. தண்ணீர் கொதிக்கிறது, அணையவே இல்லை: தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டுவிட்டது. உடனே எம்.சி.பி.யை அணைத்து ஆறவிடுங்கள். அதிக வெப்பத்தில் துண்டிக்கும் கட் அவுட்டை 'ஷார்ட் பண்ணி' ஓட்டச் சொல்லாதீர்கள்; பிரஷர் வால்வு வாயையும் அடைக்காதீர்கள். இரண்டும் இல்லாத கீசர், மூடி அடைத்த குக்கர் மாதிரி.

4. பிளக் சுடுகிறது, கருகிய வாடை: லூஸ் கனெக்‌ஷன். கீசருக்கு 16 ஆம்பியர் சாக்கெட் தனி லைனில் வேண்டும். 2 கிலோவாட்டுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர், 3 கிலோவாட்டுக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போடுவது நல்லது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது.

5. குழாயைத் தொட்டால் 'சுர்'ரென்கிறது: வேறெதையும் தொடாமல் மெயினை அணையுங்கள். சரிசெய்யும்வரை அந்தக் குளியலறை வேண்டாம்.

எர்த் எங்கே போனது?

பழைய வீடுகளில் எர்த் வயரை இரும்புத் தண்ணீர்க் குழாயில் கட்டிவைப்பது வழக்கமாக இருந்தது. பின்னாளில் அந்தக் குழாயைப் பிளாஸ்டிக்காக மாற்றியபோது, எர்த்தும் சத்தமில்லாமல் அறுந்துபோனது. வீட்டுக்காரருக்குத் தெரியாது, பிளக்கில் மூன்றாவது பின் பார்வைக்கு மட்டும் நிற்கிறது. குழாய் மாற்றிய வீடு என்றால் எர்த்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். எர்த் குழி காய்ந்தால் அதன் திறன் குறையும். கோடையில் அவ்வப்போது தண்ணீர் ஊற்றுங்கள்.

வாளியில் போடும் ஹீட்டர் கம்பிக்கு விதி ஒன்றுதான்: கம்பி தண்ணீரில் இருக்கும்போது மட்டும் ஸ்விட்ச். அணைத்து, பிளக்கைக் கழற்றிய பிறகே தண்ணீரில் கை வைக்க வேண்டும். சோலார் ஹீட்டரின் மின்சாரக் காயிலுக்கும் மேலே சொன்ன சோதனைகள் பொருந்தும்.

யாரை அழைப்பது?

மீட்டருக்குப் பிறகு உள்ள வயரிங் உங்கள் பொறுப்பு. அதற்குத் தகுதிச் சான்று பெற்ற மின்கம்பியாளரையே அழையுங்கள். சான்றைக் காட்டச் சொல்வதில் வெட்கம் வேண்டாம்.

ஆனால் சில பல்புகள் பளிச்சென்றும் சில மங்கியும் எரிந்தால், மின்கம்பத்திலோ சர்வீஸ் வயரிலோ நியூட்ரல் அறுந்திருக்கலாம். உடனே மெயினை அணைத்து, தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்தின் 'மின்னகம்' சேவை மையத்தை 94987 94987 என்ற எண்ணில் அழையுங்கள். 2021-இல் தொடங்கிய இந்த மையம் 24 மணி நேரமும் இயங்குகிறது. கீசர், ஏ.சி. என்று கருவிகள் கூடிவிட்டால் மின்பளுவை உயர்த்தப் பிரிவு அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள்.

யாருக்காவது ஷாக் அடித்தால் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயின், பிறகு 108.

இன்று இரவு தூங்கப் போகும் முன் ஒரே ஒரு வேலை செய்யுங்கள்: மின்பலகையைத் திறந்து ஆர்.சி.டி. இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 'டி' பட்டனை ஒரு தட்டு. இல்லையென்றால், நாளைக் காலைக் குளியலுக்கு முன் கீசர் ஸ்விட்சில் கை வைக்காமல், மின்கம்பியாளருக்குப் போன் போடுங்கள்.