பட்டம் கையில் வர என்ன வேண்டும்?

"பிள்ளைக்குக் கெம்பஸ் கிடைச்சிருச்சு, இனிக் கவலையில்ல" என்று தோட்டத்தில் பேசிக்கொள்வதைக் கேட்கிறோம். சந்தோஷந்தான். ஆனால் உள்ளே போனதற்கும் பட்டத்தோடு வெளியே வருவதற்கும் நடுவில் நிறைய இருக்கிறது. நம் பிள்ளைகளில் சிலர் எடுக்கும் சமூகவியலை வைத்தே அதைச் சொல்கிறோம்.

சமூகவியல் உயர்தரத்தில் இல்லாத பாடம். முதலாம் வருஷத்தில் வேறு பாடங்களோடு சேர்த்துத்தான் தொடங்குவார்கள். பிறகு இரண்டு வழி: மூன்று வருஷப் பொதுக் கலைமாணி, நாலு வருஷச் சிறப்புக் கலைமாணி. சித்தியடைந்த ஒவ்வொரு பாடத்துக்கும் 'கிரெடிட்' கணக்கு உண்டு. இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி மூன்று வருஷப் பட்டத்துக்கு 90, நாலு வருஷத்துக்கு 120. சராசரிப் புள்ளியும் 2.00க்குக் கீழே இறங்கக் கூடாது. கொழுந்து நிறுக்கிற மாதிரிதான். அன்றன்றைய நிறுவை அன்றன்று ஏறும், மாசக் கடைசியில் ஒரேயடியாக அள்ளிப் போட முடியாது.

வீட்டார் கவனிக்க வேண்டியது வரவு. அநேக பீடங்களில் விரிவுரைக்கு 80 சதவீத வரவு இல்லாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். மூன்று கிரெடிட் பாடத்துக்கு 45 மணித்தியாலம். அதில் 9 மணித்தியாலந்தான் விடலாம். வாரத்துக்கு 3 மணி என்றால் மூன்றே வாரம். மரணச் செய்தி கேட்டு வந்த பிள்ளையைப் "பதினாறு முடிஞ்சு போ" என்று நிறுத்தினால் இரண்டு வாரம் போச்சு. பிறகு காய்ச்சல் வந்தால் என்ன செய்வது? வரச் சொல்ல வேண்டாம் என்கவில்லை, காரியம் முடிந்ததும் பஸ் ஏற்றி விடுங்கள். வருத்தம் என்றால் வைத்தியச் சான்றிதழ் எடுத்து உடனே பீடத்தில் கொடுக்க வேண்டும். வீட்டுப் பெட்டியில் கிடந்தால் பிரயோசனமில்லை.

ஒரு பாடம் தவறினால் திரும்ப எழுதலாம். ஆனால் பொதுவாக எவ்வளவு நன்றாக எழுதினாலும் 'சி'க்கு மேல் கிடைக்காது. அதனால் வகுப்புச் சித்தி கைநழுவிப் போகும். ஆங்கிலத்தைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டு மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. புள்ளிவிபரத்தைக் கண்டு பயப்படுகிறவர்களும் உண்டு. சமூகவியலில் ஆய்வு முறை படிக்க அது வேண்டும். மார்க்ஸ், டுர்கைம், வெபர் கோட்பாடுகளையும் படிக்கத்தான் வேண்டும்.

சிறப்புப் பட்டத்துக்குக் கடைசி வருஷத்தில் சொந்தமாக ஓர் ஆய்வுக்கட்டுரை எழுத வேண்டும். அதற்காக வினாக்கொத்தோடு லயத்துக்கு ஒரு பிள்ளை வந்தால் விரட்டாமல் உட்கார வைத்துப் பதில் சொல்லுங்கள். நம் தோட்ட வாழ்க்கையை நம் பிள்ளையை விட யார் சரியாக எழுதப் போகிறார்கள்?

விதிகள் பீடத்துக்குப் பீடம் கொஞ்சம் மாறும். எல்லாம் பீடக் கையேட்டில் இருக்கிறது. அடுத்த லீவில் அதைக் கொண்டு வந்து வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பரீட்சை மாசங்களைச் சுவர்க் கலண்டரில் குறித்துவிட்டு, அப்புறம் வீட்டுக் கல்யாணத்துக்கு நாள் பாருங்கள்.