பகடை தருவதா, நாமே பங்கிடுவதா?



தாயம் ஆடத் தெரியாத வீடு நம் தோட்டங்களில் குறைவு. தாயம் விழும்வரை காய் இறங்காது. பக்கத்து வீட்டுப் பையனுக்கு முதல் உருட்டிலேயே விழுந்துவிடும். நமக்கோ அரைமணி நேரமானாலும் விழாது. அதற்காக யாரும் விதியை மாற்றச் சொல்வதில்லை. அடுத்த ஆட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிறோம். ஆனால் ஒரே ஆட்டம் மாதக்கணக்கில், ஏன், ஆண்டுக்கணக்கில் நடக்குமானால்? முதல் நாள் உருட்டிய எண் அத்தனை நாளும் நம்மைத் தொடர்ந்து வருமானால்? அப்படிப்பட்ட ஓர் ஆட்டத்தையும், அதை ஆடுவோர் நெடுங்காலமாக வாதாடிவரும் ஒரு விதியையும் பற்றி இன்று பேசுவோம்.

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்றோர் சிற்றூர் உண்டு. 1974ஆம் ஆண்டு அங்கிருந்து ஒரு சிறு பெட்டி விற்பனைக்கு வந்தது. உள்ளே மூன்று சின்னஞ்சிறு புத்தகங்கள். ஆட்டத்தின் பெயர் டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். எழுதியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர். முதல் அச்சில் ஆயிரம் பிரதிகள்தாம் போட்டார்கள்.

மேசையைச் சுற்றிச் சிலர் அமர்ந்திருப்பார்கள். அவர்களில் ஒருவர் நடுவர். “பாழடைந்த கோட்டை, இருண்ட படிக்கட்டு, கீழே ஏதோ உறுமுகிறது. என்ன செய்கிறீர்கள்?” என்று அவர் கேட்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ இருந்து பதில் சொல்லவேண்டும். சொன்னது பலித்ததா இல்லையா என்பதைப் பெரும்பாலும் பகடை தீர்மானிக்கும். பாதி கூத்து, பாதி தாயம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த வீரன் எப்படிப்பட்டவன் என்பதை ஆறு எண்கள் சொல்லும். உடல் வலிமை, அறிவு, விவேகம், உடலுறுதி, சுறுசுறுப்பு, பிறரைக் கவரும் தன்மை ஆகியவையே அந்த ஆறு. 1974ஆம் ஆண்டுப் புத்தகத்தின்படி ஒவ்வொன்றுக்கும் மூன்று பகடைகளை உருட்டி, வந்ததைக் கூட்டி எழுதிக்கொள்ளவேண்டும். மேல்வகுப்புப் பிள்ளைகள் இதைத் தாளில் போட்டுப் பார்க்கலாம். மூன்று பகடைகள் விழக்கூடிய வகைகள் 216. அவற்றுள் 10 அல்லது 11 வருவது 54 வகைகளில். அதாவது நான்கில் ஒரு பங்கு. 18 வருவதோ ஒரே ஒரு வகையில்தான். ஆகவே பலரும் நடுத்தரமாகவே பிறப்பார்கள். மிக வலியவனும் மிக மெலியவனும் அபூர்வம். உலகத்தை ஒட்டிய கணக்குத்தான்.

இதோடு நின்றிருந்தால் சண்டை இவ்வளவு வளர்ந்திருக்காது. தன் தொழிலுக்குரிய தன்மையில் 15 அல்லது அதற்கு மேல் பெற்றவனுக்கு, ஆடி ஈட்டும் அனுபவப் புள்ளியில் நூற்றுக்குப் பத்து கூடுதலாகக் கிடைத்தது. 6 அல்லது அதற்குக் கீழே போனவனுக்கு நூற்றுக்கு இருபது கழிக்கப்பட்டது. பிறக்கும்போது அதிர்ஷ்டசாலி, வளரும்போதும் அவனுக்கே வெகுமதி. 1978ஆம் ஆண்டுப் புத்தகத்தில் பாலடின் என்னும் அறவீரனாக வேண்டுமானால் கவரும் தன்மை 17ஆவது இருக்கவேண்டும் என்றார்கள். மூன்று பகடையில் 54 முறைக்கு ஒரு முறைதான் அது கிட்டும்.

தொடக்க காலத்தில் இது பெரிதாக உறுத்தவில்லை. வீரர்கள் சீக்கிரமே செத்துப்போவார்கள். சில நிமிடங்களில் புதியவனை உருட்டிக்கொள்ளலாம். பிறகு ஆடுவோர் தங்கள் வீரனிடம் பாசம் வைக்கத் தொடங்கினார்கள். பெயரிட்டு, குடும்பம் கற்பித்து, ஆண்டுக்கணக்கில் அவனையே ஆடினார்கள். அப்போதுதான் அதே விதி கடிக்கத் தொடங்கியது. 1979இல் கைகாக்ஸ் வேறு வழிகளையும் எழுதினார். அவற்றுள் ஒன்று, நான்கு பகடை உருட்டி, சிறிய எண்ணைத் தள்ளிவிட்டு, வந்த ஆறு எண்களையும் விரும்பிய இடத்தில் வைத்துக்கொள்வது. சராசரி பத்தரையிலிருந்து பன்னிரண்டுக்குச் சற்று மேலே ஏறியது. ஆனாலும் பகடை பகடைதான்.

எதிர்க்கட்சியார் பகடையையே விலக்கிவிட்டார்கள். ஸ்டீவ் ஜாக்சன் என்பவர் உருவாக்கி 1980இல் வெளிவந்த ஓர் ஆட்டத்தில் மனிதனுக்கு மொத்தம் 32 புள்ளிகள். வலிமை, சுறுசுறுப்பு, அறிவு மூன்றுக்கும் குறைந்தது எட்டெட்டு. மிச்சமுள்ள எட்டை நாமே பங்கிட்டுக்கொள்ளலாம். யாரும் யாரையும்விடத் தாழ்ந்து தொடங்குவதில்லை. 1986இல் அவரே கர்ப்ஸ் என்ற ஆட்டத்தில் இன்னும் ஒரு படி போனார். நல்ல தன்மைக்கு விலை உண்டு. குறையை ஏற்றுக்கொண்டால் புள்ளி திரும்பக் கிடைக்கும். பார்வையின்மைக்கு 50 புள்ளி. ஏழ்மைக்கு 15.

இந்த இடத்தில் நாம் சற்று நின்றுவிட்டோம். ஏழ்மையை விரும்பி வாங்கி, அதற்கு ஈடாக வலிமை பெற்றுக்கொள்வது ஆட்டத்தில் மட்டுமே நடக்கும். ஆனால் இதற்கும் ஆட்சேபம் உண்டு. குறையைச் சொல்லிப் புள்ளியை வாங்கிக்கொண்டு, ஆடும்போது அந்தக் குறையை மறந்துவிடுகிற கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். நடுவர்தான் கவனமாக நினைவூட்டவேண்டும். கணக்கில் வல்லவன் பங்கீட்டில் முந்திவிடுகிறான் என்பது இன்னொரு குறை. பகடையில் அதிர்ஷ்டம் வென்றது. இங்கே பென்சில் வெல்கிறது. மேலும், பகடைதான் நாம் கேட்காத ஒருவனை நம் கையில் கொடுக்கும் என்பார்கள் பகடைக் கட்சியார். அறிவு 5 உள்ள வீரனை யார் விலை கொடுத்து வாங்குவார்கள்? வந்து வாய்த்த பிறகோ அவனைத்தான் எல்லாரும் மறப்பதில்லை. இது உண்மைதான்.

2014ஆம் ஆண்டுப் பதிப்பு இரு சாராரையும் அணைத்துக்கொண்டது. நான்கு பகடை உருட்டலாம். வேண்டாமென்றால் 15, 14, 13, 12, 10, 8 என்ற ஆறு எண்களை எல்லாரும் ஒன்றுபோல் எடுத்துக்கொள்ளலாம். நடுவர் சம்மதித்தால் புள்ளிகளைப் பங்கிடவும் செய்யலாம். நம்மைக் கேட்டால், ஒரே மாலையில் முடிகிற ஆட்டத்துக்குப் பகடை. மாதக்கணக்கில் பிள்ளைகள் கூடி ஆடுவதற்கு எல்லாருக்கும் ஒரே ஆறு எண்கள்.

சில மேசைகளில் இன்னொரு பழக்கம் உண்டு. ஆளுக்கு ஆறு எண்கள் உருட்டுகிறார்கள்; யார் உருட்டிய ஆறையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அப்போது பக்கத்திலிருப்பவனுக்கு 18 விழுந்தால் நாமும் சேர்ந்து கைதட்டலாம்.