மகள் தாவும்போது பெற்றோர் எங்கே நிற்பது?

ஜிம்னாஸ்டிக்ஸ் விளையாட்டில் பெண்கள் ஏறி ஆடும் சமநிலைக் கட்டை 5 மீட்டர் நீளமுள்ளது, 1.25 மீட்டர் உயரத்தில் நிற்பது. அதன் அகலமோ 10 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய அரைச் சாண். சிறுமியர் முதலில் தரையோடு ஒட்டிய தாழ்ந்த கட்டையிலேயே நடை பழகுகின்றனர். நாளடைவில் கட்டை உயருகின்றது. பெற்றோரின் ஆசையும் கூடவே உயருகின்றது. அவ்விடத்தில்தான் நாம் சற்று நிதானிக்க வேண்டியிருக்கின்றது.

1976-இல் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ருமேனியச் சிறுமி நாடியா கோமனேச்சி முழுமையான பத்து மதிப்பெண் பெற்றபோது அவருக்கு வயது 14. ஆனால் பெண்களுக்கான வயது வரம்பு 1981-இல் 15 ஆகவும், 1997-இல் 16 ஆகவும் உயர்த்தப்பட்டது. ஆகவே, எட்டு வயது மகளை அவசரப்படுத்துவதால் ஆகப்போவது ஒன்றுமில்லை. நமது அகர்தலாவின் தீபா கர்மாகர் தட்டைப் பாதங்களோடு ஆறு வயதில் பயிற்சியைத் தொடங்கியவர். தந்தை பளு தூக்கும் பயிற்சியாளர். 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் தீபா நான்காம் இடம் பெற்றபோது, வெண்கலத்திற்கும் அவருக்கும் இடையே இருந்தது 0.15 புள்ளியே. அதற்குள் அவருக்கு வயது 23 நிறைந்திருந்தது!

இவ்விளையாட்டில் கைகளே கால்களாகி உடலின் பாரத்தைச் சுமக்கின்றன. வளரும் பிள்ளையின் மணிக்கட்டு எலும்பு முனையோ இன்னும் முற்றாத குருத்தெலும்பு. அங்கு வலி நீடித்தால், ‘பொறுத்துக்கொள்’ என்று தேற்றுவது அன்பாகாது. ஓய்வும் மருத்துவரும் தேவை.

வலியை விடக் கொடியதும் உண்டு. அமெரிக்கத் தேசிய அணியின் மருத்துவராயிருந்த லாரி நாசர், சிகிச்சை என்னும் பெயரால் சிறுமியரிடம் பாலியல் கொடுமை புரிந்தவன். 2018-இல் 150-க்கும் மேற்பட்ட பெண்கள் நீதிமன்றத்தில் அவனைப் பற்றிச் சொன்னார்கள், அல்லது எழுதி அளித்தார்கள். சிலருக்கு அக்கொடுமை நேர்ந்தபோது பெற்றோர் அதே அறையில் இருந்தனர். பல்லாண்டுகளுக்கு முன்பே வாய்திறந்த சிறுமியரும் உண்டு, பெரியவர்கள் நம்பவில்லை. பயிற்சிக் கூடத்தில் பெற்றோர் பார்க்கக் கூடாத கதவு ஏதேனும் இருப்பின், அது ஏன் என்று கேட்க நாம் கூச்சப்படலாகாது. பிள்ளை சொல்வதை இடைமறியாது கேட்பது அதனினும் முக்கியம்.

2021-இல் டோக்கியோவில் சிமோன் பைல்ஸ், சுழலும் உடல் காற்றில் எங்கிருக்கின்றது என்ற உணர்வே தப்பிப்போக, அணிப் போட்டியின் நடுவே விலகினார். ஏசினோரும் உண்டு. மூன்றாண்டு கழித்துப் பாரிஸில் மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் பெற்றார். 24 வயதில், உலகப் புகழோடு நின்ற அவருக்கே ‘இன்று என்னால் இயலாது’ என்று சொல்வது அத்தனை கடினமாயிற்று. எட்டு வயதுச் சிறுமி பயிற்சியாளரிடம் எப்படிச் சொல்வாள்? வீடு திரும்பும் பேருந்தில் அம்மாவின் தோளில் சாய்ந்தபடி சொல்லக்கூடும், ‘இன்று எத்தனை மதிப்பெண்?’ என்ற கேள்வி முந்திக்கொள்ளாதிருந்தால்.